இரண்டு தடவை இரண்டு மணி

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் மழை வராது என்று கிறகோரியர் சொல்லியிருந்தார். கருவாட்டு வியாபாரியான எனக்கு அவருடைய வானிலைக் கணக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் மீன் விற்கும் நாளில் எல்லாம் நாளைக்கே மழை என்பார். மழையென்றால் விலை ஏறும். இந்த முறை விற்க ஒன்றுமில்லாததால் நானும் நம்பிவிட்டேன்.

களப்பு என்கிற கடற்கழியின் அக்கரையில் வாழ்க்கைப்பட்ட அவருடைய மகள் புனிதத்துக்கு எட்டு மாதம். ஆஸ்பத்திரி இக்கரையில். களப்பின் வாயை அடைத்துக் கிடக்கும் மணல்திட்டிதான் இரண்டுக்கும் பாதை. சனிக்கிழமை வண்டி கட்டிப் போய்க் கூட்டி வருவதாகத் திட்டம்.

செவ்வாய்க்கிழமையே மழை பிடித்தது. வெள்ளி காலை அக்கரையிலிருந்து ஆள் ஓடி வந்தது: புனிதத்துக்கு இரத்தம் போகிறது. தாய் யூலிற்றா அந்த நிமிடமே வண்டியில் புறப்பட்டா.

மதியம் மாயாண்டி இருபது பேரோடு மண்வெட்டி சகிதம் வந்து நின்றான். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, களப்பின் மேற்புறம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். களப்பு நிரம்பி அவர்களுடைய குடிசைகளில் இடுப்பளவு தண்ணீர். ஒரு மாதப் பயிர் மூழ்கிக்கொண்டிருந்தது. திட்டியை வெட்டினால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். பாதையும் பத்து நாளைக்கு இராது.

முதல் வெட்டு பரம்பரையாகக் கிறகோரியரின் குடும்பத்துக்கு உரியது. அவர் வெட்டாமல் வேறெவரும் மண்ணைத் தொடமாட்டார்கள். அவரோ தன் மண்வெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

பேரம் என் தலையில் விழுந்தது. நான் இரண்டு மணித்தியாலம் கேட்டேன், மாயாண்டி அரை மணி என்றான். ஒரு மணித்தியாலம் என்று படிந்தது. ஒருபக்கம் ஒரு பெட்டையின் உயிர், மறுபக்கம் இருபது வீட்டுச் சோறு. அப்படியொரு பேரம் எந்த எதிரிக்கும் வரக்கூடாது. அப்போது மணி ஒன்று; இரண்டு மணிக்கு வெட்டுவது என்று முடிவு.

இரண்டு ஆனது. வண்டியைக் காணவில்லை. கிறகோரியர் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். நான் திரும்பி நின்று கைக்கடிகாரத்தின் முள்ளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினேன்.

அந்த முள்ளும் மறுபடி இரண்டைத் தொட்டபோது மாயாண்டி அருகில் வந்தான்.

"முதலாளி, ஒங்க கடிகாரம் ரெண்டு தடவ ரெண்டு மணி காட்டிருச்சு. நாங்க தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற தராசு முன்னுக்கு வளந்தவங்க. கள்ள முள்ளு தெரியாதா?"

அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, திட்டியைப் பார்த்தான். அங்கே வண்டி தெரிந்தது. நடுத்திட்டியில் சில்லுப் புதைந்து, மாடுகள் மேற்கொண்டு அசைய மறுத்தன. ஒருபக்கம் களப்பு கசிந்து மணலைக் கரைத்தது, மறுபக்கம் அலை ஏறியது.

மாயாண்டி மழைக்குத் தலையில் போட்டிருந்த கம்பளியை உருவிக்கொண்டு ஆட்களோடு வண்டிக்கு ஓடினான். தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து நோயாளியை மலையிறக்குவது எப்படியென்று அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கம்பளியின் இரு முனைகளையும் வண்டியிலிருந்து கழற்றிய நீள மரத்தில் முடிந்து, புனிதத்தைத் தூளி போல் ஏந்தி, முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தார்கள். யூலிற்றா பின்னால் விழுந்தெழும்பி வந்தா. மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள், வண்டி அங்கேயே நின்றது.

பெட்டைக்கு மூச்சு இருந்தது. தாயையும் மகளையும் கம்பளியோடு என் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

கிறகோரியர் லொறியின் பின்னால் ஓடவில்லை. திரும்பி வந்து, சிலுவை போட்டு, முதல் வெட்டு வெட்டினார். பிறகுதான் கேட்டார்.

"மாயாண்டி, உங்கட பயிர்?"

"அது மொத ரெண்டு மணிக்கே போயிருச்சுங்க," என்றான் அவன், மண்ணை வெட்டியபடி.