ஓட்டையும் ஓர் எண்ணமே

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்ததை ஒட்டுக்கேட்டேன். முடிவு வருவதற்குள் இறங்கிவிட்டார்கள். இடையில் கிழிந்த இடங்களை நான் நெய்து... (வேண்டாம், என் நெசவு ஊர் தெரிந்துவிடும். 'ஒட்டுப்போட்டேன்' என்றே இருக்கட்டும்.)

தொடக்கம் மூன்று பிரித்துப் போடுகிறேன், பாருங்கள். 'அதிகாலைப் பனியில் ஒரகடம்...' அங்கே பனியைவிட லாரிப் புழுதி அதிகம். 'எண்ணங்கள் மேகங்களைப் போல...' இந்தச் சரக்கு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. மூன்றாவது: மண்ணூர் சசிரேகாவுக்கு, ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் கார் சீட்டின் இரும்புச் சட்டத்தில் குறை கண்டுபிடிக்கும் வேலை. முகம் சுளிக்காமல் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2

வெல்டிங்கில் ஓட்டை தெரிந்தால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரியும், லைன் நிற்கும். போன மாதம் இழுத்தாள். ஓட்டை இல்லை, கரிப்பொட்டு. சூப்பர்வைசர் கோதண்டராமன் எல்லோர் முன்னாலும் கட்டைவிரலால் துடைத்துக் காட்டினார்.

"இன்னாம்மா, கண்ணாடி போட்டுக்கினு வர்றியா, வூட்லயே இருந்துக்கிறியா? இன்னொரு வாட்டி சும்மா இழுத்தே, பாஸைக் கேட்ல குடுத்துட்டுப் போய்க்கினே இரு."

அன்றிலிருந்து அவர் அவள் தலைக்குள் குடியேறிவிட்டார். ஓ.டி. கேட்காமல் மூன்று ஷிஃப்டும் அங்கே உட்கார்ந்து ஒரே வரியைச் சொன்னார்: 'உனக்கு ஒண்ணும் உருப்படியா வராது.'

3

நிர்வாகம் கவலைப்பட்டது. (லைன் நிற்பதைப் பற்றி. சசிரேகாவைப் பற்றி என்று வாசித்திருந்தால் தவறு உங்களுடையது.) தியானப் பயிற்சியாளர் விஜயராகவன் வந்தார்.

"கெட்ட நினைப்பு வருதா? சண்டை போடாதீங்க. 'இது எண்ணம்'னு பேர் வையுங்க. ஜங்ஷன்ல கம்பெனி பஸ் போறதைப் பாக்குற மாதிரி பாருங்க. எல்லா பஸ்லயும் ஏறணுமா?"

"நம்ம பஸ்ஸை வுட்டா அரை நாள் கட் சார்," என்றாள் லைனில் பக்கத்து இடத்தில் நிற்கும் வினோதினி.

"அதுவும் எண்ணம்தாம்மா."

இவரைப் போலியாக்கிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் அவர் சொன்னது வேலை செய்தது. (கதைக்கு நஷ்டம். மறைக்க மனமில்லை.) பத்தே நாளில் 'உருப்படியா வராது' வந்தது, நின்றது, ஆள் ஏறாமல் கிளம்பிப் போனது. சசிரேகாவுக்குக் கேன்டீன் சாம்பாரில் உப்பில்லை என்பதுகூடத் தெரிய ஆரம்பித்தது.

4

பதினோராம் நாள் ஓர் இரும்புச் சட்டம் வந்தது. வெல்டிங்கில் மிளகளவு... (கூட்டிச் சொல்கிறேன், கடுகளவு) கறுப்பு. 'ஓட்டை' என்றது மனம். சசிரேகா மூச்சை இழுத்துவிட்டாள். 'இது எண்ணம்' என்று பேர் வைத்தாள். சட்டத்தைத் தள்ளிவிட்டாள்.

சிரிக்காதீர்கள். அந்தத் தொழிற்சாலையில் பாடத்தை ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

சட்டம் பெயின்ட் அறையை நோக்கி நகர்ந்தது. பெயின்ட் விழுந்துவிட்டால் ஓட்டை யாருக்கும் தெரியாது, என்றாவது வண்டி குலுங்கும்போது அதில் உட்கார்ந்திருப்பவருக்குத் தவிர.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி நின்னுகினுகீறே?" என்றாள் வினோதினி.

"அது ஓட்டையா, எண்ணமான்னு தெர்லக்கா."

"எண்ணத்துல வெரலை வுட முடியுமா? தொட்டுப் பாத்தியா?"

தொடவில்லை. இனி ஓடினாலும் எட்டாது. கயிறு மட்டும் எட்டும். 'கரிப்பொட்டா இருந்தா வேலை போச்சு' என்று அடுத்த பஸ் வந்து நின்றது.

இழுத்துவிட்டாள்.

5

முடிவுகள். ஒன்று: ஓட்டைதான், கோதண்டராமன் மன்னிப்புக் கேட்டார். (அவரை உங்களுக்குத் தெரியாது.) இரண்டு: கரிப்பொட்டு, பாஸ் கேட்டுக்குப் போனது. மூன்று: எல்லோரும் கண்மூடி அமைதியடைந்தார்கள். (நிர்வாகம் இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிக்கொள்ளலாம்.)

எதையும் நான் விற்பதற்கில்லை. காதில் விழுந்தது இவ்வளவே: விளக்கு சிவப்பாக எரிகிறது. கோதண்டராமன் கட்டைவிரலோடு வருகிறார். பழைய 'உருப்படியா வராது' பஸ் கதவைத் திறந்து வைத்து ஹாரன் அடிக்கிறது. சசிரேகா ஏறவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே அவருக்கு முன்னால் நடக்கிறாள்.

"நீங்க தொடைக்கிறதுக்கு முன்னாடி நான் தொட்டுப் பாத்துக்கிறேன் சார்."

ஆட்டோ நின்றுவிட்டது. முடிவு வேண்டுமென்றால் அடுத்த முறை காரில் ஏறும்போது சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்றுதான் இருக்கும். பெயின்ட் அடித்தபின் எல்லாமே அப்படித்தான் இருக்கும்.