சுரண்டாமல் விட்ட மலை

பூரணி லயத்துத் தண்ணீர்ப் பீலியைக் காயவைத்தவள். தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்து வீடுகளில் சின்னப் பிள்ளையும் இதைச் சொல்லும். யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு வலி. இருபது வருஷத்துக்கு முன்னால், லயத்துக்கு மேலே தோட்டம் கைவிட்டிருந்த மேட்டை அவளும் புருஷன் செல்லசாமியும் வெட்டி, காயப்போட்டு, நெருப்பு வைத்தார்கள். சாம்பல் மண்ணில் போஞ்சியும் உருளைக்கிழங்கும் மூன்று வருஷம் அப்படி விளைந்தன. நாலாவது வருஷ மழை மண்ணை மொத்தமாக வழித்துக்கொண்டு போனது. அடுத்த கோடையில், லயம் கட்டிய நாளிலிருந்து நிற்காமல் கொட்டிய பீலித் தண்ணீரும் நின்றது. பத்து வீட்டுப் பெண்களும் குடத்தையும் கேனையும் தூக்கிக்கொண்டு அரைக் கட்டை தூரம் ஆற்றுக்கு இறங்கினார்கள். இன்னும் இறங்குகிறார்கள்.

செல்லசாமி மறு வருஷமே கண்ணை மூடிவிட்டார். ஏச்சு முழுக்க பூரணி தலையில். சும்மா இருப்பாளா? மேட்டைத் திரும்பக் காடாக்கிக் காட்டுகிறேன் என்று ஹட்டன் டவுனில் நாவல் கன்றும் மருதங் கன்றும் வாங்கி வந்து நட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுரண்டியோடு ஏறிப்போய், கன்றைச் சுற்றி ஒரு புல் விடாமல் சுரண்டி எறிந்தாள். தேயிலைக்குள் பிறந்து வளர்ந்த கை அது. தேயிலையைத் தவிர மற்றதெல்லாம் களை என்றுதான் அதற்குத் தெரியும். மானாப்புல், நாயுண்ணி, பேர் தெரியாத முளை, எல்லாம் வேரோடு போயின. மேடு கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி பளிச்சென்று இருந்தது. கன்றுகளோ வெயிலிலும் காற்றிலும் ஒண்டியாக நின்று பட்டுப்போயின. மறு வருஷம் வேறு கன்று, அதே சுரண்டி. ஏழு வருஷம் இந்தக் கூத்து நடந்தது.

பிறகு ஒரு நாள் கொழுந்தெடுக்கும்போது மழைநீர் வடியும் கானில் விழுந்து கால் முறிந்தது. அதோடு மேட்டுக்கு ஏறுவதை விட்டாள். எட்டு வருஷத்தில் அங்கே ஒரே பற்றையாக மண்டிவிட்டது. கீழேயிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம், கழுவாத சட்டியைப் பிறத்தியார் பார்த்துவிட்ட மாதிரி கூசிப்போவாள்.

இந்த மாசியில் பற்றைக்குள்ளிருந்து சிறுத்தைப்புலி வந்து இரண்டு நாயைத் தூக்கிவிட்டது. பக்கத்து வீட்டு லெட்சுமி நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பிரதாப் வெட்ட ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் ஆறு ஆம்பளைகளுக்குக் காட்டுக்கத்தி கொடுத்தாயிற்று. பழைய எல்லை தெரிந்தவள் பூரணி ஒருத்திதான். கூப்பிட்டதும் கிளம்பிவிட்டாள். அந்தக் கண்ணராவி ஒழிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. வெட்டுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமென்று லெட்சுமியும் கூடவே ஏறினாள்.

ஆண்கள் மேல்பக்கம் வழி வெட்டிக்கொண்டு போனார்கள். பூரணி காலை இழுத்து இழுத்துப் பற்றைக்குள் நுழைந்தாள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கணுக்காலில் ஏதோ சுருக்கென்றது.

"லெட்சுமி, நில்லு. கால்ல அட்ட."

"பத்தைக்குள்ள வந்தா அட்ட கடிக்காம கொஞ்சவா செய்யும்? புடுங்கிப் போட்டுட்டு நட."

பூரணி நடக்கவில்லை. "இது மாசி வெயிலு. நாங்க போஞ்சி போட்ட காலத்துல, மழையிலகூட இங்க ஒரு அட்டயப் பாத்ததில்ல. ஈரமில்லாத எடத்துல அது ஏன் இருக்குது?"

குனிந்து சருகை விலக்கி விரலை மண்ணில் விட்டாள். கறுத்த மண் பொலபொலவென்று கையோடு வந்தது. அண்ணாந்து பார்த்தாள். நாயுண்ணிப் புதருக்குள்ளிருந்து கை மொத்த மரங்கள், பெரிய பெரிய இலையோடு, லயத்துக் கூரை உயரம் நின்றன. ஒன்றுகூட அவள் நட்டதில்லை. குருவி எச்சத்தில் விழுந்து, புதர் நிழலில் முளைத்தவை. அந்தப் புதரைத்தானே ஏழு வருஷம் தேடித் தேடிப் பிடுங்கினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அட்டை அதிகமாக ஏறிய பக்கமே போனாள். ஒரு பாறையின் அடியில் மண் சொதசொதத்தது. கையைக் குழித்து வைத்தாள். ஐந்து எண்ணுவதற்குள் கை நிறைந்தது. வழிந்த நீர் சருகுக்கடியிலேயே ஓடி அடுத்த மலைக் கானில் இறங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் கீழே ஒருவர் கண்ணிலும் படவில்லை. மேலே கத்தி விழும் சத்தம் நெருங்கி வந்தது.

"வெட்டாதீங்க" என்று கத்தினாள் பூரணி. "ஐயா, நிறுத்தச் சொல்லுங்க. தண்ணி இருக்கு."

பிரதாப் எரிச்சலோடு இறங்கி வந்தார். "நீங்கதானே எல்லை காட்ட வந்தீங்க? தொரைக்கிட்ட கையெழுத்து வாங்கியாச்சு, பூரணி."

"கைய வச்சுப் பாருங்கய்யா. அப்புறம் வெட்டுங்க."

அவர் குந்தி உட்கார்ந்து கையை வைத்தார். நிறைந்த நீரைக் குடித்துவிட்டு, சுற்றிலும் மரங்களைப் பார்த்தார். "யாரு நட்டது இதெல்லாம்?"

"யாரும் நடலைங்க. நான் நட்டதெல்லாம் செத்துப்போச்சு. எட்டு வருஷமா நான் சொரண்ட வரல. அவ்வளவுதாங்க நடந்துச்சு."

பிரதாப் தலையைச் சொறிந்தார். "லயத்து ஆளுங்க கேட்டுத்தான் வெட்ட வந்தோம். வேணாம்னா அவங்கதான் சொல்லணும்."

எல்லோரும் லெட்சுமியைப் பார்த்தார்கள். பதினாறு வருஷமாகக் காலையில் ஒரு நடை, சாயந்தரம் ஒரு நடை, இரண்டிலும் பூரணியைத் திட்டிக்கொண்டே தண்ணீர் சுமந்தவள் லெட்சுமி. அவள் பாறையடியில் கையை வைத்து, குடித்து, மறுபடியும் வைத்தாள்.

"நாய ராவுல கட்டிப்போட்டுக்கிறோம்ங்கய்யா" என்றாள். "காட்ட விட்டுருங்க."

ஆண்கள் கத்தியைத் தாழ்த்தினார்கள். பூரணி அப்படியே சருகில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. பிரதாப்புக்கும் கோபம் தணிந்திருந்தது. "இனிமே நீங்களே இதப் பாத்துக்கங்க, பூரணி" என்றார்.

"ஐயோ, நான் வேணாங்க. என் கை சும்மா இருக்காது" என்றாள். ஆறு பேரும் சிரித்தார்கள்.

மூன்று வாரத்தில் பாறையடியிலிருந்து குழாய் இழுத்துப் பழைய பீலியில் சேர்த்தார்கள். விரல் மொத்தம்தான் தண்ணீர். குடம் நிறைய நேரமெடுத்தது, ஆனாலும் வரிசையில் ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. பூரணி மட்டும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். லெட்சுமி போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"எத்தன வருஷம் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன் ஒன்ன."

"பேசுனதுல தப்பில்ல. காயவச்சது நாந்தானே."

"வந்ததும் ஒன்னாலதான்."

"நான் ஒண்ணுமே செய்யலயேடி."

"அதத்தான்க்கா சொல்றேன்" என்றாள் லெட்சுமி.

பூரணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. லெட்சுமி நிறைந்த தன் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டு, திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.