தொடர்பில் இல்லாதவர்

1

இந்தக் கதை எனக்கு ஓர் அடிக்குறிப்பிலிருந்து கிடைத்தது. கதை எழுதாத நேரத்தில் அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. (கதை எழுதும் நேரம்தான் குறைவு என்பதை இங்கே நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.) அப்படி ஒருநாள் என் மேசைக்கு வந்து சேர்ந்தது, ‘நாடு தழுவிய நீரிழிவுத் தடுப்பு மற்றும் மேலாண்மைக் கொள்கை: பத்தாண்டு மதிப்பீடு’ என்ற இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை. தூக்கினால் கை வலிக்கும், படித்தால் கண்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். பக்கத்தில் பென்சிலால் ‘இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சிவப்பில் ‘வேண்டாம்’. மறுபடி பென்சிலில் ‘இருக்கட்டும்’. எதை வைப்பது, எதை எடுப்பது என்று கேட்க அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். பென்சில் எடுத்தது. ஒன்றரை மணி நேரம் பேசியது.

பென்சிலுக்குச் சொந்தக்காரர் அறிக்கையை எழுதிய மதிப்பீட்டாளர். ஐம்பத்து நான்கு வயது, புள்ளிவிவரம் படித்தவர். எழுதிக்கொள்ளுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். முப்பது வருடம் எல்லாரையும் எண்ணாகவே எழுதியவருக்கு அந்த ஒரு சலுகை தரக்கூடாதா?

2

‘மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் பேருந்திலிருந்து இறங்கிய மதிப்பீட்டாளர் குடையை—’

இல்லை. அவர் வந்தது அலுவலகக் காரில். மழையும் இல்லை.

‘நீரிழிவு நோய் இன்று உலகெங்கும் ஒரு பெரும் சவாலாக—’

இது அறிக்கையின் முதல் வரி. ஒருமுறை திருத்தியதே போதும்.

நேராகவே சொல்கிறேன். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு எண்பத்தொரு பேர். ஒரே ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் மட்டும் தொண்ணூற்றேழு பேர். அதற்கு விருதும் கொடுத்தாயிற்று. அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்து, புகைப்படத்தோடு ஒரு முழுப் பக்கம் எழுதச் சொல்லி இயக்குநர் அவரை அனுப்பினார்.

நிலையம் என்பது இரண்டு அறை. ஒரு எடைக் கருவி, ஆடாமலிருக்க அடியில் மடித்த அட்டை. இரும்பு மேசைக்குப் பின்னால் ஒரே ஒரு நர்ஸ். சுவரில் கொள்கையின் சுவரொட்டி: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நால்வரும் கைகோத்துச் சிரித்தபடி நடக்கிறார்கள், கீழே ‘தினமும் நடப்போம்.’ நான்கு பேர் கைகோத்து நடக்குமளவு அகலமான நடைபாதை அந்த ஊரில் எங்கும் கிடையாது.*

* ‘தடுப்பு’ என்ற அத்தியாயத்தின் முடிவுரை, மொத்தம் எத்தனை சுவரொட்டி ஒட்டப்பட்டன என்பதுதான். அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

3

வாசலில் இருந்த பெஞ்சில் ஒரு தையற்காரர் உட்கார்ந்திருந்தார். இடது காலில் செருப்பில்லை. விரல்களைச் சுற்றி வெள்ளைத் துணி. அந்தத் துணிக்கும் ஓரம் மடித்துத் தைத்திருந்ததைப் பார்த்துத்தான் மதிப்பீட்டாளர் பேச்சுக் கொடுத்தார். எட்டு வருடமாகச் சர்க்கரை, கால் புண் ஆறு மாதமாக. மாதத்தின் முதல் செவ்வாய் தவறாமல் வந்துவிடுவாராம்.

மதிப்பீட்டாளர் உள்ளே போய்ப் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடினார். கடைசிக் கட்டத்தில் ‘தொடர்பில் இல்லை’ என்று இருந்தது. இரண்டு வருடமாகவே அப்படித்தான். அதே பெயரில் வேறு யாரோ போலிருக்கிறது என்று நினைத்து நர்ஸைக் கேட்டார். நர்ஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

படிவத்தில் மூன்று கட்டங்கள். கட்டுப்பாட்டில் உள்ளார், கட்டுப்பாட்டில் இல்லை, தொடர்பில் இல்லை. இரண்டாவதில் குறியிட்டால் ஒரு ஆளுக்கு இன்னும் நான்கு படிவம் நிரப்பி, ஏன் கட்டுப்படவில்லை என்று மேலிடத்துக்கு விளக்கமும் எழுதவேண்டும். மூன்றாவதில் குறியிட்டால் அந்த ஆள் சதவீதத்தில் வரவே மாட்டார். ஒரு காலையில் அறுபது பேரைப் பார்க்கும் ஒருத்தி எந்தக் கட்டத்தைத் தேடிப் போவாள்?

“நான் பொய் எழுதல மேடம்,” என்றாள் நர்ஸ். “அவருக்கு மருந்து குடுக்கறேன், புண்ணுக்குக் கட்டுப் போடறேன். அவரு என்னோட தொடர்புலதான் இருக்காரு. உங்களோடதான் இல்ல.”

அன்று காலை மட்டும் அப்படித் ‘தொடர்பில் இல்லாத’ முப்பத்தொரு பேர் பெஞ்சில் வந்து உட்கார்ந்து போனதை மதிப்பீட்டாளர் எண்ணினார். பதிவேட்டில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் நூற்று முப்பத்தெட்டுப் பேர் மூன்றாவது கட்டத்தில். இன்சுலினோ முதல் இரண்டு கட்டங்களில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் வரும். அப்படியானால் தையற்காரருக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறாய் என்று கேட்டார். முதல் கட்டத்தில் ஏழு பேர் இறந்துபோனவர்கள் என்றாள் நர்ஸ். கடைசியாகப் பார்த்த அளவு நன்றாக இருந்ததால் அவர்கள் இன்னும் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பங்குதான் நூற்று முப்பத்தெட்டுப் பேருக்கும். ஆளுக்கு அரைகுறையாக.

4

இங்கே நான் மதிப்பீட்டாளரை மிக நல்லவராகக் காட்டத் தொடங்கியிருந்தேன். (‘அவர் கண்கள் கலங்கின’ என்றுகூட எழுதினேன். அடித்துவிட்டேன்.) ஏனென்றால் அந்தப் படிவத்தைப் பத்து வருடம் முன்னால் ஒரே மத்தியானத்தில் உட்கார்ந்து வரைந்தவரே அவர்தான். ஊர் மாறிப் போனவர்களால் நர்ஸ்களுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் மூன்றாவது கட்டத்தைச் சேர்த்தாராம்.

இப்படி நடக்கும் என்று உங்களுக்கு ஒருபோதும் தோன்றவில்லையா என்று தொலைபேசியில் கேட்டேன். 

“சந்தேகம் இருந்துச்சு,” என்றார். “நம்பர் நல்லா வர்றப்போ யாருக்குக் கேக்கத் தோணும்?”

இதைக் கேட்ட பிறகுதான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

5

பார்த்ததை ஐந்து வரி அடிக்குறிப்பாக எழுதி, சிவப்பு மைக்குச் சொந்தக்காரரான இயக்குநரிடம் கொடுத்தார். இயக்குநர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கதைக்கு வசதியாக இருந்திருக்கும். கூட்டத்தின் நடுவில், தட்டிலிருந்த இனிப்பு பிஸ்கட்டை ஒதுக்கிவிட்டுத் தன் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் அந்த ஐந்து வரியைப் படித்தார். விருது கொடுத்தாயிற்று, மற்ற நாடுகளிலிருந்து பார்க்க வருகிறார்கள், இந்த நேரத்தில் இது எதற்கு என்றார். இது வெளியானால் முதலில் அந்த நர்ஸுக்குத்தான் வேலை போகும் என்றும் நினைவூட்டினார். கடைசியில் ரொம்ப மென்மையாகக் கேட்டார்: “அது உங்க படிவம்தானே மேடம்?”

வீட்டில் கணவரிடம் சொன்னார். படிவம் யாருடையது என்று யாருக்கும் தெரியாத வரைக்கும் நல்லதுதானே என்றார் அவர். அது நல்லெண்ணத்தில் சொன்னதுதான். மூன்றாவது கட்டமும் அப்படி வந்ததுதானே என்று மதிப்பீட்டாளருக்குத் தோன்றியிருக்கிறது.

6

அடுத்த வாரம் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் அந்த நிலையத்துக்குப் போனார், இம்முறை பேருந்தில். நூற்று முப்பத்தெட்டுப் பேரையும் இரண்டாவது கட்டத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். நர்ஸ் பயந்துபோனாள்.

“எனக்கு இன்னும் எட்டு வருஷ சர்வீஸ் இருக்கு மேடம். வீட்டுக்காரருக்கும் வேலை இல்ல.”

மதிப்பீட்டாளர் ஒரு தாளை எடுத்து, படிவத்தைத் தவறாக வடிவமைத்தது நான், அதன்படி நேர்ந்த தவறான பதிவுகளைத் திருத்தியதும் நான் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நர்ஸ் அதை இரண்டு முறை படித்து, மடித்து, கைப்பையில் வைத்த பிறகுதான் பேனாவைத் தொட்டாள். ஆளுக்கு நான்காக ஐந்நூற்று ஐம்பத்திரண்டு படிவம். மூன்றாம் நாள் சாயங்காலம் இறந்த ஏழு பேரையும் நீக்கினார்கள். தொண்ணூற்றேழு அறுபத்து நான்காயிற்று. நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த நிலையம் கடைசி.

கடைசி இடத்துக்கு உடனடிக் கவனம் என்று கொள்கை சொல்கிறது. உடனே வந்தவர் ஒரு பயிற்சியாளர். ‘புன்னகையோடு பணி’ என்று நர்ஸுக்கு இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தார். இரண்டு மாதம் கழித்து, எல்லாருக்கும் முழு அளவில் இன்சுலின் வந்தது. கால் புண் பார்க்கும் டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கினார். அதற்குள் தையற்காரருக்கு இரண்டு விரல் போயிருந்தது. பாதம் தப்பியது.

அறிக்கை அடிக்குறிப்பு இல்லாமல்தான் வெளியானது. அறிக்கைக்கான புள்ளிவிவரம் திருத்தத்துக்கு முந்தைய தேதியோடு முடிந்துவிட்டதாம். எண்பத்தெட்டாம் பக்கத்தில் இன்றும் தொண்ணூற்றேழுதான். நர்ஸை யாரும் எதுவும் கேட்கவில்லை. மதிப்பீட்டாளரைப் பல் பாதுகாப்புக் கொள்கைக்கு மாற்றினார்கள். புதிய நீரிழிவுப் படிவமும் வந்துவிட்டது. அதில் நான்காவதாக ஒரு கட்டம்: ‘தொடர்பில் இல்லை (ஆனால் வருகிறார்).’

7

முடிவு.

முதலில் எழுதியதில் அமைச்சர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல்— படித்துப் பார்த்த என் மனைவி சிரித்த சிரிப்பில் அதைக் கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில் தையற்காரரைச் சாகடித்தேன். கனமாக வந்திருந்தது. ஆனால் ஆள் உயிரோடு சட்டை தைத்துக்கொண்டிருக்கும்போது, என் கதை கனக்கவேண்டும் என்று அவரைக் கொல்ல எனக்கு என்ன உரிமை? அவரை மறுபடி ஓர் எண்ணாக்குவதற்கு அது எந்த விதத்தில் குறைவு?

நேற்று அவர் கடைக்குப் போனேன். வலது காலால் மட்டும் மெஷினை மிதிக்கிறார். இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். வேலையை நிறுத்தாமல் கேட்டார். பிஸ்கட் இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தார். முடிவு எங்கே என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“வர்ற செவ்வாய்க்கிழமை டாக்டர் அந்த மூணாவது விரலைப் பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. கூட வாங்க. பாத்துட்டு எழுதுங்க.”

செவ்வாய்க்கு இன்னும் நான்கு நாள். பத்திரிகை நாளைக்கே கேட்கிறது. ஆகவே, வாசகரே, முடிவை நீங்கள்தான் போய்ப் பார்த்துக்கொள்ளவேண்டும். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் பெஞ்சில் உட்கார இடம் கிடைக்கும்.