பின்பக்கம் வெட்டாத சட்டை

நான் முன்கோபக்காரன். மாத்தளை நகரத்துத் திருகோணமலை வீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அளவுச் சட்டை கொண்டுவராமல், "கொஞ்சம் லூசாத் தைங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு என் தையல்கடையில் நல்ல வசவு கிடைக்கும். முஸ்லிம் ஆண்களை அழைக்கிற வழக்கப்படி என்னை 'நானா', அதாவது அண்ணா, என்று கூப்பிடும் நேசம்மா டீச்சரிடம் மட்டும் குரலை உயர்த்தியதில்லை. கேலி செய்வேன், அவ்வளவுதான்.

கேலிக்குக் காரணம் இருந்தது. தெருவில் சாவு ஊர்வலம் வந்தால் போதும், டீச்சர் நேரே என் கடைக்குள் பாய்வார். பெண்கள் சட்டை போட்டுப் பார்க்க மூலையில் ஒரு திரை தொங்கும். அதற்குப் பின்னால் நுழைந்து, மேளச் சத்தம் தேயும்வரை வெளியே வரமாட்டார். பெட்டி போய்விட்டது, வாருங்கள் என்று நான்தான் கூப்பிட வேண்டும். ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற மனுஷிக்கு இப்படியொரு பயமா என்று சிரிப்பேன். அவரும் சிரிப்பார். முகம் மட்டும் வெளுத்திருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது டிசம்பரில் அவர் கடைக்கு வந்தார். வயிற்றில் புற்றுநோய், கண்டி டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்று அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்த அவர் கணவர் மகேந்திரராஜா முன்னமே சொல்லியிருந்தார். டீச்சர் வெள்ளைத் துணியொன்றை மேசையில் வைத்து, தன் அடக்கத்துக்குச் சேலையோடு போடச் சட்டை தைக்க வேண்டும், அளவெடுங்கள் என்றார்.

முடியாது என்றேன். எங்கள் ஆட்களின் மையத்துக்கு, அதாவது பிரேதத்துக்கு, தைத்த உடுப்பே கிடையாது, வெள்ளைத் துணியால் சுற்றுவதுதான். கிறிஸ்தவ வீடுகளுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்தான். ஆனால் ஆள் போன பிறகு சொந்தக்காரர் வந்து பழைய சட்டையொன்றை அளவுக்குத் தருவார்கள். விறைத்த உடம்புக்குப் போட வசதியாகப் பின்பக்கத்தை மேலிருந்து கீழே வெட்டிவிடுவேன். படுத்திருக்கிறவரின் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்?

"அந்த வெட்டுத்தான் நானா," என்றார் டீச்சர்.

இருபது வயதில், தாயாருக்குக் கடைசியாக உடுத்தியபோது பக்கத்தில் நின்றாராம். சேலைக்கு ஊசி குத்தாமல் வாசல் தாண்டாத தாய், முதுகு பிளந்த சட்டையோடு பெட்டிக்குள் போனார். இனி இவள் எழும்பவே மாட்டாள் என்று முடிவு கட்டித்தான் வெட்டினார்கள் என்று அன்று அவருக்குப் பட்டிருக்கிறது. முப்பது வருடமாக அந்த நினைப்பு அவரை விடவில்லை.

"மரிச்ச ஆக்கள் எழும்புவினம் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் வாயால சொன்னனான். உள்ளுக்கு நம்பேல்லை. இப்ப நம்புறன் நானா. யேசு எழும்பினவர், என்னையும் எழுப்புவார். எழும்பி நிக்கப்போற ஆளுக்குத் தைக்கிற மாதிரித் தையுங்கோ."

மறுமை நாளில் எழுப்பப்படுவோம் என்று நாங்களும்தான் நம்புகிறோம். ஆனால் அதற்காக அளவு கொடுத்து வைத்த ஒருவரை நான் கண்டதில்லை. அளவு நாடாவை எடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து, தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தார். வெள்ளைச் சேலையும் கொண்டுவந்திருந்தார். அவர் திரைக்குப் பின்னால் உடுத்திக்கொண்டிருக்கும்போது தெருவில் மேளம் கேட்டது. சவ ஊர்வலம். பாவம், வழக்கம்போல உள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

திரை விலகியது. டீச்சர் மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, வாசலுக்கு நடந்தார். அவர் உடுத்தியிருந்தது என்ன உடுப்பு என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். உள்ளே வந்து உட்காருங்கள் என்று கெஞ்சினேன்.

"கால் நடுங்குது," என்றார் திரும்பாமல். "நடுங்கட்டும். நான் நிக்கிறன்."

பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் போனது. நான் பார்த்தது டீச்சரின் முதுகை மட்டும்தான். ஒரு வெட்டில்லாமல், ஒரு சுருக்கமில்லாமல் முழு வெள்ளையாக இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த இடத்தில் நின்று சத்தமாக மூச்சு விடக்கூட எனக்குத் தயக்கமாக இருந்தது.

ஊர்வலம் போன பிறகு அவர் திரும்பி இரண்டு கையையும் மேலே தூக்கிப் பார்த்தார். கக்கத்தில் கொஞ்சம் பிடிக்கிறது, தளர்த்தித் தாருங்கள் என்றார். தளர்த்திக் கொடுத்தேன்.

ஜனவரி கடைசியில் மகேந்திரராஜா வந்து, டீச்சர் இரவு போய்விட்டார் என்று செய்தி சொன்னார். அதற்கு முன் பின்னேரமே அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே கொக்கிகளைப் பூட்டிக்கொண்டு படுத்தாராம். கத்தரிக்கோல் தேவைப்படவில்லை என்று சொல்லிவிட்டு அவர் அழுதார்.

ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. டீச்சரைக் கேலி செய்தேனே தவிர, சவ ஊர்வலம் போகும்போது நானும் தலை நிமிர்ந்து பார்த்தவன் இல்லை. மேளம் காதில் விழாதபடி மெஷினை வேகமாக மிதிப்பேன்.

செய்தி வந்த அன்று பின்னேரம் டீச்சரின் பெட்டி எங்கள் வீதியால் வந்தது. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய், வாசலில் அவர் நின்ற இடத்தில் நின்றேன். கால் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு, பெட்டி முடக்கில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.