பார்க்கர் வீட்டு ரோமாபுரிச் சாப்பாடு

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷார்ஜா ரோலாவில் துபாய் பஸ் ஏறியபோது கல்யாணசுந்தரம் இரண்டு பொய்களைச் சொல்லி முடித்திருந்தார். மானேஜர் பார்க்கர் வீட்டு விருந்துக்கு ஆம்பளைகளை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மனைவி சுசீலாவிடம் ஒன்று. சுசீலாவுக்குக் காய்ச்சல் என்று பார்க்கரின் மனைவியிடம் இன்னொன்று.

ஏன் இந்தப் பிழைப்பு? போன வருஷம், எழுபத்தாறில், கம்பெனி விருந்தில் சுசீலா சோற்றைக் கையால் பிசைந்து, விரலை வழித்துச் சாப்பிட்டாள். திருச்சியில் பிறந்து வளர்ந்தவள் வேறெப்படிச் சாப்பிடுவாள்? எதிரே இருந்த வெள்ளைக்காரர் சும்மா நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், நம்ம ஆளுக்கு மானம் கப்பலேறிவிட்டது. மறுநாளே முள்கரண்டி வாங்கிவந்து, வீட்டில் சாம்பார் சாதத்தைக்கூட அதால் குத்திக் குத்திச் சாப்பிட ஆரம்பித்தார். சுசீலா சிரித்ததோடு சரி, அதைத் தொடவில்லை.

பார்க்கர் வீட்டுக் கூடத்தில் நாற்காலியே இல்லை. தரையெல்லாம் மெத்தை. விருந்தாளிகள் படுக்கைவிரிப்பை உடம்பில் சுற்றிக்கொண்டு, இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து கிடந்தார்கள். பார்க்கரம்மா கல்யாணத்துக்கு முன்னால் சரித்திர டீச்சராக இருந்தவள். இது பழைய ரோமாபுரி முறை என்று உற்சாகமாக விளக்கினாள். அரண்மனை விருந்து அல்ல, கடைத்தெரு ரோமானியன் தினம் சாப்பிட்ட சாப்பாடு: கோதுமைக் கூழ், பருப்பு, கீரை, ரொட்டி, ஆலிவ் காய். கறி அவனுக்கு எப்போதாவதுதான். முள்கரண்டி அவன் கண்டதே இல்லை, கையால்தான் சாப்பிட்டான்.

கல்யாணசுந்தரம் மெத்தை மெத்தையாகக் கண்ணால் தேடினார். ஒரு முள்கரண்டிகூட இல்லை.

"உங்கள் மனைவி வராமல் போய்விட்டாரே!" என்றாள் பார்க்கரம்மா. "போன வருஷம் அவர் சாப்பிட்டதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது. என்ன அழகு! ஒரு பருக்கை சிந்தவில்லை. அவர் எங்களுக்குச் சொல்லித்தருவார் என்று நினைத்திருந்தேன். நீங்களாவது காட்டுங்கள்."

எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள். படுத்த வாக்கில், பதற்றத்தில், கூழ் விரலிடுக்கில் வழிந்து முழங்கைவரை ஓடியது. அவர்கள் நல்லவிதமாகத்தான் சிரித்தார்கள். ஆனால் வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

அதோடு விட்டதா சனியன்? ரோமானிய விருந்தாளி மிச்சத்தைத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவானாம். பார்க்கரம்மா ரொட்டியும் அத்திப்பழமும் வைத்து ஒரு முடிச்சுப் போட்டாள். அவர் கையை நீட்டினார். அவளோ கார் சாவியை எடுத்தாள்.

"காய்ச்சல்காரிக்கு நானே கொடுக்கிறேன்."

"வேண்டாம் மேடம், உங்களுக்கும் தொத்திக்கும்."

கேட்டால்தானே! சுசீலா பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கவேண்டும், கதவு பூட்டியிருக்கவேண்டும் என்று ஷார்ஜா வரும்வரை வேண்டிக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்தவள் சுசீலாதான். தலைக்குக் குளித்து, பொட்டு வைத்து, பளிச்சென்று நின்றாள்.

"காய்ச்சல் எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள் பார்க்கரம்மா.

அந்த அளவுக்கு இங்கிலீஷ் சுசீலாவுக்குத் தெரியும். கணவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அவர் தலை குனிந்துகொண்டது.

"இப்போது பரவாயில்லை" என்று இங்கிலீஷிலேயே சொன்னாள்.

பார்க்கரம்மா முடிச்சைக் கொடுத்தாள். இன்றைய விருந்தே உங்களை நினைத்து வைத்ததுதான், அடுத்த முறை அவசியம் வரவேண்டும் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

கத்தித் தீர்ப்பாள் என்று கல்யாணசுந்தரம் காத்திருந்தார். கத்தியிருந்தால் பிழைத்திருப்பார்.

"சுசீலா, தப்புப் பண்ணிட்டேன்."

"காய்ச்சல்னு சொன்னீங்க, போகட்டும். ஆம்பளைங்க மட்டும்னு சொன்னீங்க, அதுவும் போகட்டும்." குரல் உடைந்தது. "ஏங்க, நான் சாப்பிடறது அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். ஒரு வருஷமாக அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தார்?

ராத்திரி வழக்கம்போல அவருக்குத் தட்டு வைத்து, முள்கரண்டியையும் பக்கத்தில் வைத்தாள். சோறு, குழம்பு எல்லாம் பரிமாறினாள். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.