சத்தமில்லாத பன்னிரண்டு காலைகள்

ஸ்ரீராம்புரம் பார்க்கில் காலை ஆறு மணிக்குக் கூடுகிற சிரிப்புக் கூட்டத்தில் இனி யாரும் சத்தம் போடக் கூடாது என்று சட்டம் போட்டவள் சின்னத்தாயிதான். பார்க் சுவரை ஒட்டிய வீட்டில் சொர்ணம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அங்க ஒரு உசுரு ஊசலாடிகினு கீது. இங்க நாம கெக்கெக்கேன்னு சிரிச்சா நல்லாவா இருக்கும்?"

யார் எதிர்த்துப் பேசுவது? முப்பது வருஷம் தெரு கூட்டி ஓய்வு பெற்றவள். அவள் வாய்க்குப் பயந்து குப்பை லாரி டிரைவரே ஒதுங்கிப் போவான். கூட்டத்தை நடத்துகிற ஓஸ்வால்ட் மட்டும் தலையைச் சொறிந்தார். அவர் சொல்லித் தரும் பயிற்சிகளில் மௌனச் சிரிப்பு என்று ஒன்று உண்டு. வாயை அகலத் திறந்து, தோளைக் குலுக்கி, சத்தமே வராமல் சிரிக்க வேண்டும். வழக்கமாக அரை நிமிஷம். இனி அரை மணி நேரமும் அதுவே என்று முடிவானது.

பன்னிரண்டு நாள் அப்படியே நடந்தது. ஒன்பது பேர் வட்டமாக நின்று வாயைப் பிளந்துகொண்டு குலுங்குவதைப் பார்த்து, வாக்கிங் வந்தவர்கள் பாதை மாறிப் போனார்கள். சின்னத்தாயிக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. சிநேகிதிக்கு அவளால் வேறு என்ன செய்ய முடியும்?

சொர்ணம் இல்லாவிட்டால் அவளுக்கு இந்தக் கூட்டமே ஏது? புருஷன் செத்து ஆறு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவளை, ஒரு விடியலில் தரதரவென்று இழுத்து வந்து வட்டத்தில் நிறுத்தியவள் சொர்ணம். சிரிப்பு வரவில்லை என்று அழுததற்கு, "வரலைன்னா இன்னா? சும்னே சத்தம் போடு, சும்மாங்காட்டியும். மீதி தானா வரும்" என்றாள். ஒரு வாரத்தில் வந்தேவிட்டது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் சின்னத்தாயி வழக்கம்போல் கஞ்சி கொண்டுபோனாள். மற்ற சாயங்காலமெல்லாம் மருந்து மயக்கத்தில் பேசாமல் கிடக்கிற சொர்ணம், அன்று தெளிவாக இருந்தாள்.

"ஏன்டி, உங்களுக்குள்ள சண்டையா?"

"இல்லியேக்கா. ஏன்?"

"தினம் காலைல ஜன்னலத் தொறக்கச் சொல்லிக் காத்துகினு கெடக்கேன். ஒரு சத்தமும் இல்ல. நான் வரலைன்னதும் எல்லாரும் வுட்டுட்டீங்களா?"

படுக்கையிலிருந்து பார்த்தால் ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரியும். பின்னால் நின்றிருந்த சொர்ணத்தின் கணவர் இராஜமாணிக்கம், காற்றுக்காகத் திறக்கச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன் என்று முணுமுணுத்தார்.

சின்னத்தாயிக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இவளுக்கு மிச்சம் இருப்பது எத்தனை காலையோ. அதில் பன்னிரண்டை அவளே பிடுங்கிக்கொண்டாள், அதுவும் நல்லது செய்கிற நினைப்பில்.

"நாளைக்குக் கேளுக்கா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னாள். ஓஸ்வால்ட் கைதட்டி "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று தொடங்கினார். யாருக்கும் வரவில்லை. சுருதி இறங்கி, இருமலாகி, நின்றுபோனது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னல் திறந்திருந்தது.

சும்னே சத்தம் போடு. சின்னத்தாயி சுவரோரம் போய் நின்று வாயைத் திறந்தாள். முதல் இரண்டு "ஹா" ஒழுங்காகத்தான் வந்தன. மூன்றாவது உடைந்து அழுகையாகிவிட்டது. நிறுத்தினால் ஜன்னல் வரை எதுவும் போகாது, அதனால் நிறுத்தாமல் அழுதாள். அதைப் பார்த்த மற்ற எட்டுப் பேரும், அவள் அழுகை வெளியே தெரியாதபடி தொண்டை கிழியச் சிரித்தார்கள்.

சாயங்காலம் சொர்ணத்தின் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

"கேட்டுச்சுடி. எல்லாரும் கீறீங்க. உன் சத்தம்தான் தனியாக் கேட்டுச்சு."

சின்னத்தாயி குனிந்து கஞ்சியைக் கலக்கினாள். "ஆமாக்கா. இன்னிக்கு என்னமோ சிரிப்ப அடக்கவே முடியல."

சொர்ணம் கண்ணைத் திறக்காமலே அவள் கையைத் தேடிப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை.

"நாளைக்காவது ஸ்வல்ப, கொஞ்சூண்டு சிரிடி" என்றாள்.