அடியில் ஒரு நட்டு

சகலைகள் இருவரும் அடித்துக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. மூத்தவளைக் கட்டியவர் எலக்ட்ரீஷியன். வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்பவர். இளையவளைக் கட்டியவன் டாக்சி டிரைவர். ஒல்லியான ஆள். காரும் அவனைப் போலவே சின்னது.

முந்தைய வாரம் ஒரு லாரி அந்தக் காரை ரோட்டை விட்டே தள்ளியிருந்தது. பக்கக் கண்ணாடி போய், கதவும் நசுங்கியது. அத்தனை நேரமும் டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டேதான் இருந்தான். லாரிக்காரன் காதில் அது விழவே இல்லை. அதனால்தான் ஏர் ஹாரன் வாங்கினான்: சிவப்பு நிறத்தில் இரண்டு குழல்கள், கைமுட்டி அளவில் ஒரு கம்ப்ரசர், ஒரு ரிலே, சுருட்டி வைத்த காற்றுக் குழாய். கூட வந்த மனைவி அக்காளைப் பார்க்க வீட்டுக்குள் போக, அவன் பெட்டியோடு சகலையின் ஷெட்டுக்கு வந்து நின்றான்.

"எல்லாம் சரி. இந்தக் குருவிக் கூட்டுக்குள்ள இதை எங்க வைக்கிறது?" என்று சிரித்தார் எலக்ட்ரீஷியன்.

சாரல் அடித்ததால் ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். எலக்ட்ரீஷியனுக்குக் கை ஓடும்போது வாயும் ஓடும். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, ஃபியூஸ் போட்டு, ரிலேயை மாட்டி முடிக்கிற வரைக்கும் அந்த லாரிக் கதைதான்.

"இறங்கி அவன் சட்டையைப் பிடிச்சு ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும் சகலை. நீ என்னடான்னா கடைக்குப் போய் குரல் வாங்கிட்டு வந்திருக்க."

"அவன் நிக்கவே இல்லண்ணே."

"நின்னிருந்தா மட்டும்? உன் பொண்டாட்டியே இங்க வந்து சொல்லிச் சிரிச்சாளே. லாரி போனப்புறம்தான் எங்க வீட்டு வீரருக்குக் கோபம் வந்துச்சாம்னு."

டிரைவரின் முகம் சுண்டிப்போயிற்று. காருக்குள் போய் உட்கார்ந்து, புதிதாக மாட்டிய பொத்தானைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் சொல்ற வரைக்கும் அதைத் தொடாத" என்றார் எலக்ட்ரீஷியன்.

இடம் போதாததால் குழல்களை ரேடியேட்டருக்குப் பக்கத்தில், வாய் மேலே பார்க்கும்படி வைத்திருந்தார். சின்ன டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு பானெட்டுக்குள் தலையை நுழைத்தார். இடது காதுக்கும் குழலின் வாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. டார்ச்சைக் கவ்விய வாயோடு, "அடில ஒரு நட்டு லூசா இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார்.

டிரைவருக்குக் கேட்டது "அடி" மட்டும்தான்.

அடித்தான்.

தகரக் கூரை அதிர்ந்தது. எலக்ட்ரீஷியன் துள்ளியதில் பானெட்டின் கொக்கி மண்டையைக் கிழித்தது. கால் தள்ளாட, காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றார். பானெட்டின் இடுக்கு வழியாக டிரைவர் அதைப் பார்த்தான். காதிலிருந்து ரத்தம் வழிவதையும் பார்த்தான். பார்த்துக்கொண்டே மறுபடியும் அமுக்கினான். இந்த முறை விரலை எடுக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் ஸ்பேனரோடு வந்தார். கதவைத் திறந்த வேகத்தில் முதல் அடி தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் டிரைவருக்கே கேட்டது. சட்டையைப் பிடித்து அவனை வெளியே இழுத்துத் தரையில் போட்டார். இரண்டாவது அடியில் பல் இரண்டு தெறித்தன. டிரைவர் அவர் மணிக்கட்டைக் கடித்தான், சதை பிய்ந்து வரும் அளவுக்கு. முழங்காலில் எட்டி உதைத்தான். அவர் காரின் முன்பக்கமாகச் சரிந்து, விழாமலிருக்கத் திறந்திருந்த பானெட்டுக்குக் கீழே விளிம்பைப் பற்றினார். டிரைவர் எழுந்து, நல்ல கையால் பானெட்டை இழுத்து அறைந்தான். நான்கு விரல்கள் உள்ளே மாட்டிக்கொண்டன.

அந்த அலறலுக்குத்தான் வீட்டுக்குள்ளிருந்து அக்காளும் தங்கையும் ஓடிவந்தார்கள். மூத்தவள் ஷட்டருக்கடியில் குனிந்து வந்து, நேராகக் காருக்குள் கையை விட்டு லீவரை இழுத்து பானெட்டை விடுவித்தாள். விரல்கள் வெளியே வந்ததும் எலக்ட்ரீஷியன் கீழே கிடந்த ஸ்பேனரை மறுகையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் பாய்ந்தார்.

"மாமா, வேணாம்!" என்று கத்திக்கொண்டு இளையவள் கணவன்மேல் விழுந்தாள். ஸ்பேனர் அவள் முதுகில் இறங்கியது. அந்த அடியோடு சண்டை நின்றது. அவள் மூச்சு விட முடியாமல் தவித்தாள். ஸ்பேனரைப் போட்டுவிட்டு எலக்ட்ரீஷியன் தரையில் உட்கார்ந்து, ரத்தக் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இருவரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள்: பானெட் விழுந்துவிட்டது. டாக்டர் டிரைவரின் வாயையும் எலக்ட்ரீஷியனின் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு விரல் நுனிகள் போயின. இடது காதின் ஜவ்வு கிழிந்து, கேட்பது நின்றுபோயிற்று.

முதுகுக் கன்றல் பச்சையாக மாறிய பிறகு ஒருநாள் இளையவள் கணவனிடம் கேட்டாள்.

"அவர் 'அடி'ன்னாரு, நீங்க அடிச்சீங்க. சரி. ஆனா சமையக்கட்டுல எனக்கு ரெண்டு தடவை கேட்டுச்சு. மொதல்ல சின்னதா, அப்புறம் நீளமா. அந்த நீளமானது எதுக்கு?"

அவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். அவளும் திரும்பக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட கையோடு அவன் ஷெட்டுக்குப் போனான். எலக்ட்ரீஷியன் கட்டுப்போட்ட கையோடு சும்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது பக்கமாகப் போய் நின்றான்.

"அண்ணே, மொத தடவை நெஜமாவே நீங்க சொன்னதாத்தான் நினைச்சேன். ரெண்டாவது தெரிஞ்சேதான் அடிச்சேன்."

"ரெண்டாவது எனக்குத் தெரியும்" என்றார் அவர். "மொத தடவையிலதான் சந்தேகம்."

டிரைவர் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நான் அடிச்சதும் அப்படித்தான். மொத அடி வலியில. மத்ததெல்லாம் நிதானமாத்தான் அடிச்சேன். அவ முதுகுல விழுந்தது மட்டும்..." கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். "அவளை ஒருநாள் கூட்டிட்டு வா."

"வர மாட்டேங்கிறாண்ணே."

அவள் வரவில்லைதான். அக்காளும் தங்கையும் ஒரு வருஷம்வரை பஸ் ஸ்டாப்பில்தான் சந்தித்துக்கொண்டார்கள்.